குறை சொல்லும் உடல்

சென்ற ஆண்டு ஒரு நூல் விமர்சனக் கூட்டம் முடிந்து மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த நண்பர், "தோழர், உங்க செருப்பு மேலயே கிடக்கு" என்றார். திரும்பிப் பார்த்தேன். நான்கு படிகளுக்கு மேலே என் இடதுகால் செருப்பு கிடந்தது. அது கழன்றது எனக்குத் தெரியவில்லை. வெறுங்காலோடு நான்கு படி இறங்கியிருக்கிறேன், அதுவும் தெரியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று மாலைதான் பெண் எழுத்தில் 'உடல்' என்பது பற்றி முக்கால் மணிநேரம் பேசியிருந்தேன். உடல் ஒரு பிரதி, அதிகாரம் அதன்மேல் எழுதிச் செல்கிறது என்றெல்லாம். என் உடலில் இரண்டு பாதங்கள் ஏறக்குறைய இல்லாமற்போய் அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

இது நோயனுபவக் கட்டுரை அல்ல. அனுதாபம் கோருவதும் அல்ல. 'குறை' என்கிற ஒரு சொல்லை, என் ரத்தப் பரிசோதனை அறிக்கையை வைத்துக்கொண்டு வாசிக்கிற முயற்சி. இடையிடையே மருத்துவ விவரங்கள் வரும். அவற்றைச் சொல்லாமல் 'உடலரசியல்' என்று மட்டும் பேசிவிட்டுப் போவதில் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை.

தமிழில் குறை என்றால் இல்லாமை. குறை என்றால் புகார். குறை என்றால் வேண்டுகோளும்கூட. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைதோறும் மனு வாங்குகிறார்களே, அது மக்கள் குறைதீர்க்கும் நாள். அக இலக்கணத்தில் தலைவன் தோழியிடம் வந்து குறை இரந்து நிற்பான். தோழி அதைத் தலைவியிடம் கொண்டுபோவாள். குறைநயப்பித்தல் என்று அதற்குத் துறையே இருக்கிறது. குறை உடையவன் என்பதால் தலைவன் தாழ்ந்துவிடுவதில்லை. அவனுக்கு ஒன்று தேவைப்படுகிறது, கேட்கிறான், அவ்வளவுதான். ஆனால் ஒரு பெண் தன் உடம்பு பற்றி வாயைத் திறந்தால் சொல் சட்டென்று அர்த்தம் மாறிவிடுகிறது. "எப்பப் பாரு ஏதாவது குறை சொல்லிட்டே இருப்பா." வேண்டுகோள் புகாராகிறது. புகார் அவளுடைய குணமாகிறது. பிறகு லேபிலிருந்து ஒரு தாள் வருகிறது. அதிலும் 'குறைபாடு' என்றுதான் எழுதியிருக்கிறது. அதுவும் அவளுடையதாகிவிடுகிறது. அவள் சரியாகச் சாப்பிடவில்லை, அவள் வெயிலில் நிற்கவில்லை, அவள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவில்லை.

எம்.ஏ. இரண்டாமாண்டு படிக்கும்போது, இருபத்திரண்டு வயதில், ஸ்கேன் எடுத்துவிட்டு எனக்கு நீர்க்கட்டி என்றார்கள். பிசிஓடி, பிசிஓஎஸ் என்றும் சொல்கிறார்கள். உலகில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது உண்டு. பெயரே ஒரு பிறழ்வாசிப்பு. ஸ்கேனில் தெரியும் கறுப்பு வட்டங்கள் கட்டிகளே அல்ல. முதிராமல் பாதியில் நின்றுபோன முட்டைப்பைகள். 1935இல் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்களுடைய கண்ணுக்குப் பெருத்த சினைப்பை தெரிந்தது, நோய் சினைப்பையின் பெயரை வாங்கிக்கொண்டது. 2003இல் ராட்டர்டாமில் கூடி வகுத்த வரையறைப்படி மூன்று அடையாளங்களில் இரண்டு இருந்தால் போதும். ஸ்கேன் தோற்றம் அவற்றில் ஒன்று மட்டுமே. அதாவது நீர்க்கட்டி இல்லாமலேயே ஒருத்திக்கு நீர்க்கட்டி இருக்கலாம்.

உண்மையில் நடப்பது உடல் முழுக்க நடக்கிறது. பலருக்கு இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்பதில்லை. கேட்கவைக்கக் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் இயக்குநீர்களைக் கூட்டுகிறது. முட்டை முதிர்வதில்லை. முட்டை வெளிவராவிட்டால் அந்த மாதத்துக்கான புரோஜெஸ்டிரோன் இல்லை, அது இல்லாவிட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகிறது. மூன்று மாதம் ஒன்றும் வராது, பிறகு பதினைந்து நாள் கொட்டும். எனக்கு அப்படித்தான். சிலருக்கு ஒரு சொட்டுக்கூட அதிகம் போகாது. எப்படியானாலும் இது வந்துபோகிற நோய் அல்ல, கூடவே இருப்பது. மாதவிடாய் நின்ற பிறகும் சர்க்கரையாகவும் ரத்த அழுத்தமாகவும் அதன் நிழல் நீளக்கூடும்.

இவ்வளவு பெரிய விஷயத்துக்கு நான் பார்த்த மருத்துவர்கள் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான். "கல்யாணம் ஆச்சாம்மா?" ஆகவில்லை என்றதும் பேனா மேசைக்குப் போய்விடும். "அப்ப அவசரமில்லை. கல்யாணம் ஆனா சரியாயிடும்." கல்யாணம் ஆன பிறகு கேள்வி கொஞ்சம் மாறியது. "குழந்தைக்கு ட்ரை பண்றீங்களா?" இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்ன அன்று எதிரிலிருந்தவர் உண்மையான குழப்பத்தோடு கேட்டார்: "அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

தமிழ் படித்தவளுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. மகளின் மெலிவையும் நிறமாற்றத்தையும் தாய் பார்க்கிறாள். கழங்கு பார்க்கிறார்கள், வேலன் வருகிறான், முருகு அணங்கியது என்கிறான். தோழிக்கு மட்டும் வேறு காரணம் தெரியும், தக்க நேரத்தில் அறத்தொடு நிற்பாள். தாய், வேலன், தோழி மூவரும் வாசிப்பது ஒரே உடலைத்தான். வேலன் வாசித்தால் தெய்வமாக ஓர் ஆண் கிடைக்கிறான், தோழி வாசித்தால் மலைநாட்டுக்காரனாக ஓர் ஆண் கிடைக்கிறான். பசலை என்பது ரத்தசோகைதான் என்று நிரூபிக்க நான் கிளம்பவில்லை. அப்படி ஒரு ஆய்வேடு எங்காவது தூங்கிக்கொண்டிருந்தால் அது தூங்கட்டும். நான் சொல்ல வருவது ஒரு வாசிப்புப் பழக்கத்தைப் பற்றி. வெளுத்துப்போன பெண்ணைப் பார்த்தால் நாம் 'யாரால்?' என்று கேட்கிறோம், 'யாருக்காக?' என்றும் கேட்கிறோம். 'எதனால்?' என்று கேட்பதற்கு நம் மரபிலும் நேரமில்லை, கிளினிக்கிலும் நேரமில்லை.

எதனால் என்று பார்ப்போம். இன்சுலினைக் கேட்கவைப்பதற்காக எனக்கு மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். 1957இல் பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் என்பவர் சர்க்கரை நோய்க்குப் பயன்படுத்திக் காட்டிய மருந்து. நீர்க்கட்டிக்கு 1990களின் நடுவிலிருந்து கொடுத்துவருகிறார்கள். விலை மலிவு, நல்ல மருந்து. இன்றைக்கும் சாப்பிடுகிறேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கிப்போட்டுவிடக் கூடாது. நாளைக்கு 1500 மில்லிகிராம், எட்டு வருடம். அந்த எட்டு வருடத்தில் என் மாதவிடாய் ஓரளவு ஒழுங்குக்கு வந்தது. அதே எட்டு வருடத்தில் என் பி12 இறங்கிக்கொண்டே இருந்தது.

பி12 ஒரு விசித்திரமான உயிர்ச்சத்து. செடியும் அதைச் செய்வதில்லை, விலங்கும் செய்வதில்லை. சில நுண்ணுயிர்கள் மட்டுமே செய்கின்றன. ஆடும் மாடும் தம் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து பெறுகின்றன, நாம் கறி, மீன், முட்டை, பால் வழியாகப் பெறுகிறோம். நாளைக்குத் தேவை ஏறக்குறைய இரண்டரை மைக்ரோகிராம், கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் அது உடம்புக்குள் நுழையும் வழி மிக நீளமானது. இரைப்பை அமிலம் அதை உணவிலிருந்து பிரிக்க வேண்டும். இரைப்பையே சுரக்கும் ஒரு புரதம் அதைக் கைப்பிடித்துச் சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை கூட்டிப்போக வேண்டும். அங்கே கால்சியத்தின் உதவியோடு குடல்சுவர் அதை உள்ளே எடுத்துக்கொள்ளும். இந்தக் கடைசி வாசலில்தான் மெட்ஃபார்மின் குறுக்கிடுவதாகக் கருதுகிறார்கள். அளவு கூடக்கூட, வருடம் கூடக்கூட, இழப்பும் கூடுகிறது. வயிற்றெரிச்சலுக்கென்று கூடவே எழுதித்தரும் அமிலக் குறைப்பு மாத்திரை முதல் வாசலையும் சாத்துகிறது. இரண்டும் என் சீட்டில் இருந்தன.

கல்லீரல் சில வருடத்துக்கான பி12ஐச் சேமித்து வைத்திருக்கும். ஆகவே குறை உடனே தெரிவதில்லை. மருந்து தொடங்கி ஐந்தாறு வருடம் கழித்துத் தெரிகிறது. அதற்குள் மருத்துவர் மாறியிருப்பார், ஊர் மாறியிருக்கும், காரணத்தையும் விளைவையும் சேர்த்துப் பார்க்க யாருமிருக்க மாட்டார்கள். மெட்ஃபார்மின் பி12ஐக் குறைக்கும் என்பது 1970களின் தொடக்கத்திலேயே மருத்துவ இதழ்களில் வந்துவிட்டது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இது அடிக்கடி நிகழ்வது, அறிகுறி இருந்தால் பரிசோதியுங்கள் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது 2022இல். இடையில் ஐம்பது வருடம். அந்த ஐம்பது வருடத்தில் எத்தனை பாதங்கள் மரத்துப்போயின என்று எந்தக் கணக்கும் சொல்லாது.

எனக்கு முதலில் நாக்கு எரிந்தது. "காரத்தைக் குறைங்க." பிறகு பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல. "நின்னுட்டே பாடம் நடத்துறீங்கல்ல, அதான்." பிறகு மறதி. வகுப்பில் ஒரு துறைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவள் துறையின் பெயரை மறந்து கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "டென்ஷன். ஏதாவது யோகா போங்க." வீட்டில் எரிந்து விழுந்தேன். அதற்கு என்ன பெயர் என்று முன்பே சொல்லிவிட்டேன். நான் பார்த்தவர்களில் யாரும் மோசமானவர்கள் இல்லை. கருப்பையைப் பார்த்தவர் கருப்பையைப் பார்த்தார், தோலைப் பார்த்தவர் தோலைப் பார்த்தார். கால் யாருடைய துறையிலும் இல்லை.

எப்போதாவது எடுத்த ரத்தப் பரிசோதனைகள் என்ன சொல்லின? இங்கேதான் நான் நின்று நிதானிக்க விரும்புகிறேன். ஏனென்றால் இது விமர்சகர்களுக்கும் உரிய பிரச்சினை.

இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துவிடும். பி12 குறைந்தால் அவை பெருத்துவிடும். எம்சிவி என்று ஒரு எண் அறிக்கையில் இருக்கும். சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80க்கும் 100க்கும் இடையில் இருந்தால் இயல்பு. எனக்குப் பதினைந்து நாள் கொட்டியதில் இரும்பு போயிருந்தது, மாத்திரையில் பி12 போயிருந்தது. பாதி அணுக்கள் சிறுத்து, பாதி அணுக்கள் பெருத்து, சராசரி 86 வந்தது. இயல்பு. இரண்டு இல்லாமைகள் சேர்ந்து ஒரு நிறைவை உற்பத்தி செய்திருந்தன. ஹீமோகுளோபின் 9.4 என்று கீழே கிடந்தது, அது எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதானே என்று ஒரு இரும்பு மாத்திரையோடு முடிந்தது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 53.4. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருக்கிற ஒன்று நோயாகத் தெரிவதில்லை, பெண்ணாக இருப்பதன் ஒரு பகுதிபோல ஆகிவிடுகிறது.

அதே தாளில், எம்சிவிக்கு இரண்டு வரி கீழே, ஆர்டிடபிள்யூ என்று இன்னொரு எண். அணுக்களின் பருமன் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதன் அளவு. 15க்குள் இருக்க வேண்டியது எனக்கு 19. சராசரி மறைத்ததை வேறுபாடு காட்டிக்கொண்டிருந்தது. மையத்தை மட்டும் வாசிக்காதே, விளிம்பை வாசி என்று எத்தனை கட்டுரைகளில் எழுதியிருப்போம். மூன்று வருட அறிக்கைகள் என் அலமாரியில்தான் இருந்தன, நானும் நட்சத்திரக் குறி போட்ட எண்களை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன்.

இதில் இன்னொரு திரையும் இருந்தது. ஃபோலிக் அமிலம். கல்யாணமான பெண், நீர்க்கட்டி வேறு, எப்போது வேண்டுமானாலும் கரு தங்கலாம் என்று 5 மில்லிகிராம் மாத்திரையை எனக்கு இரண்டு வருடம் எழுதித் தந்தார்கள். வயிற்றில் வரப்போகும் குழந்தையின் தண்டுவடத்தைக் காக்கும் மாத்திரை அது, அதன் பயனில் சந்தேகமில்லை. ஆனால் பி12 இல்லாத உடலில் ஃபோலிக் அமிலம் ஒரு காரியம் செய்யும். பெருத்த அணுக்களைச் சரிசெய்துவிடும், ரத்தம் தேறியதுபோலத் தோன்றும். நரம்பை மட்டும் அதனால் காப்பாற்ற முடியாது. நரம்பைச் சுற்றியிருக்கும் உறை உரிந்துகொண்டே போகும், அறிக்கை அழகாக இருக்கும். இல்லாத ஒரு குழந்தையின் தண்டுவடத்துக்காகக் கொடுத்த மாத்திரை, இருக்கிற என் தண்டுவடம் கெடுவதை மறைத்தது.

ஃபோலிக் அமிலத்தின் கதையில் சென்னைக்கும் ஒரு இடம் உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, அங்கே கர்ப்பிணிகளைக் கொன்றுகொண்டிருந்த ஒருவகைச் சோகையை ஆராய்ந்தார். பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்கள் அதில் அதிகம். என்ன சாப்பிடுகிறார்கள், வீட்டில் என்ன கிடைக்கிறது என்பதையும் விசாரித்தார். குன்னூரிலும் வேலை செய்தார், 1931இல் சென்னையில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்தார். பீர் காய்ச்சும் ஈஸ்ட்டின் கழிவிலிருந்து செய்கிற மார்மைட் என்ற மலிவான சாந்து அந்தப் பெண்களைத் தேற்றுவதை அவர்தான் கண்டுபிடித்தார். பத்து வருடம் கழித்துக் கீரையிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். அவர் வேலை செய்த சென்னை மருத்துவமனைக்கு இன்று கஸ்தூரிபா காந்தி பெயர். திருவல்லிக்கேணியில் இன்னும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றுதான் கேட்டுக்கொண்டு போகிறார்கள். அன்றைய முழுப்பெயரில் 'கோஷா'வுக்கு முன்னால் 'சாதி' என்ற சொல்லும் இருந்தது. சாதியும் முக்காடும் வாசலில் எழுதிவைத்த ஒரு கட்டடத்தில் பெண்களின் ரத்தத்தில் என்ன குறைகிறது என்று ஒருத்தி தேடியிருக்கிறாள். விடையில் பாதி பெயர்ப்பலகையிலேயே இருந்தது என்று சொன்னால் மிகையாகுமா தெரியவில்லை.

சாதிக்கும் பி12க்கும் நேரடியாகவே உறவுண்டு. 'சுத்த சைவம்' என்ற பிரயோகத்தில் சுத்தம் எதைக் குறிக்கிறது என்பது நமக்குத் தெரியும். அந்தச் சுத்தம் அரசுக் கொள்கையாகும்போது 2015இல் மத்தியப் பிரதேசத்தில் நடந்ததுபோல அங்கன்வாடிக் குழந்தைக்கு முட்டை கிடையாது என்று முதலமைச்சரே சொல்ல முடிகிறது. கிராம் கணக்கில் பார்த்தால் ஈரல் அளவுக்கு பி12 உள்ள உணவு மிகக் குறைவு. 1926இல் பாஸ்டனில் மைனாட்டும் மர்ஃபியும் உயிர்கொல்லிச் சோகைக்குக் கொடுத்ததும் ஈரல்தான். மலிவாகக் கிடைப்பது மாட்டீரல். அதைச் சமைக்கும் தெருக்களை நம்முடைய சத்துணவு அட்டவணைகள் எட்டிப் பார்ப்பதில்லை.

ஆனால் அசைவ வீட்டில் பிறந்துவிட்டால் பெண்ணின் தட்டில் கறி இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். எங்கள் வீடு அசைவ வீடு. செவ்வாய் வெள்ளி கிடையாது. சனிக்கிழமை பெருமாள். அமாவாசை, கிருத்திகை, பௌர்ணமி. புரட்டாசி முழுக்க. கார்த்திகையில் அண்ணன் மாலை போட்டால் அதுவும் முழுக்க. எஞ்சிய ஞாயிறுகளில் அப்பா, அண்ணன், விருந்தாளி, நான், கடைசியில் அம்மா. அம்மாவுக்குக் கிடைத்தது குழம்பு. விரதங்களை எல்லோருக்கும் சேர்த்து அவளே இருந்தாள். இதில் ஒரு விதிவிலக்கு, அதைச் சொல்லாவிட்டால் பாட்டிக்குத் துரோகம். நான் வயசுக்கு வந்ததும், பிறகு அதிகம் போன மாதங்களிலும், பாட்டி கறிக்கடையில் சொல்லிவைத்துச் சுவரொட்டி வாங்கிவரச் செய்வாள். ஆட்டின் மண்ணீரல். சுட்டு, உப்பு மிளகு தடவி, யார் கண்ணிலும் படாமல் அடுப்படியில் வைத்துத் தருவாள். "ரத்தம் ஊறும், தின்னுடி." அவ்வளவு இரும்பு உள்ள உணவு மிகக் குறைவு என்று இப்போது படித்துத் தெரிந்துகொள்கிறேன். அந்த வீட்டில் 'எதனால்?' என்று கேட்டவள் பாட்டி ஒருத்திதான்.

பால் குடிக்கலாமே என்பார்கள். பாலிலும் பி12 உண்டு. பால் குழந்தைக்கும் கணவனுக்கும் டம்ளரில் போகிறது, பெண்ணுக்கு டீயில் வருகிறது. அந்த டீயின் துவர்ப்பு சாப்பாட்டிலுள்ள இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குகிற பெண்களை நான் தினமும் பார்க்கிறேன், நானும் விழுங்கியவள்தான். எலுமிச்சைச் சாற்றோடு விழுங்க வேண்டும், கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ள வேண்டும். வயிற்றைப் புரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாம். அப்படி எடுத்தால் ஒவ்வொரு வேளையும் இன்னும் நன்றாகவே உறிஞ்சப்படுகிறது என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்த இரண்டு வரியை மாத்திரை அட்டையோடு சேர்த்துச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

வைட்டமின் டி பற்றிச் சுருக்கமாக. நீர்க்கட்டி உள்ள பெண்களில் பலருக்கு இது குறைவாகவே இருக்கிறது. கொடுத்தால் நீர்க்கட்டி சரியாகும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை; எலும்புக்குத் தேவை என்பது நிச்சயம். எனக்கு 17. வெயில் இவ்வளவு அடிக்கிற ஊரில் எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். வெயில் ஊருக்கு அடிக்கிறது, தோலில் பட வேண்டுமே. தேவையான கதிர் சன்னல் கண்ணாடியைத் தாண்டாது, காலை மாலை இளவெயிலிலும் அதிகமில்லை. நடுப்பகலில்தான் இருக்கிறது. கறுத்த தோலுக்கு இன்னும் நேரம் வேண்டும். நடுப்பகலில் கையும் காலும் தெரிய மொட்டைமாடியில் கால்மணிநேரம் ஒரு பெண் நிற்கட்டும், பக்கத்து மாடி என்ன சொல்லும்? மாடி வீட்டுக்காரருடையதாக இருந்தால் சாவி யாரிடம்? "கறுத்துடுவே, உள்ள வா" என்ற குரல் வேறு. வாரத்துக்கு ஒன்றென்று 60,000 யூனிட் பொட்டலம் எட்டு வாரத்துக்குத் தந்தார்கள். எட்டோடு நிறுத்த வேண்டும். கொழுப்பில் கரைவது, உடம்பில் தங்குவது, மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம்வரை பாதிக்கும். நிறுத்தச் சொல்லாததால் வருடக்கணக்கில் தின்றுகொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் டியில் எனக்கு ஆர்வமூட்டியது வேறொன்று. 2011இல் ஒரு அமெரிக்க அமைப்பு 20 இருந்தால் போதும் என்றது, அதே வருடம் இயக்குநீர் மருத்துவர்களின் சங்கம் 30 வேண்டும் என்றது. 24 உள்ள என் தோழி பல வருடம் குறைபாடுடையவளாக வாழ்ந்தாள். 2024இல் அந்தச் சங்கம் 30 என்ற கோட்டைக் கைவிட்டது, ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு இந்தப் பரிசோதனையே வழக்கமாக வேண்டாம் என்றும் சொன்னது. ஒரே இரவில் என் தோழி நிறைவடைந்தாள். ரத்தத்தில் ஒன்றும் மாறவில்லை, கோடு மட்டும் நகர்ந்தது.

இதைச் சொன்னபோது நண்பரொருவர் உற்சாகமாகிவிட்டார். "அதான் தோழர் நான் சொல்றேன். குறைங்கறதே மருத்துவச் சொல்லாடலோட கட்டமைப்பு. ஃபூக்கோ அறுபத்துமூணுலயே எழுதிட்டாரு. நீங்களே மருந்துக் கம்பெனிக்காரன் பேச்சை நம்பலாமா?" பக்கத்திலிருந்த இன்னொருவர் இயற்கை வாழ்வுக்காரர். "முருங்கைக்கீரை சாப்பிடுங்க, எல்லாம் சரியாயிடும்." முன்னவர் எனக்குக் குறையே இல்லை என்கிறார், பின்னவர் என் சமையலில் குறை என்கிறார். இரண்டு பேரும் என்னைக் கேட்கவில்லை.

முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு, பி12 இல்லை. எந்தக் கீரையிலும் நம்பத்தக்க அளவில் இல்லை. இது நம்பிக்கை சார்ந்த விஷயமில்லை. முதல் நண்பருக்குப் பதில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. ஏனென்றால் அவர் சொன்னதில் முக்கால் பங்கை நானும் சொல்லிவந்தவள். கோடுகள் வரையப்படுகின்றன, நகர்த்தப்படுகின்றன, வரைபவருக்கு நலன்கள் உண்டு. சரி. ஆனால் என் கணுக்காலில் அதிர்வு தெரியவில்லை என்பதை எந்தச் சொல்லாடல் கட்டமைத்தது? செருப்பு விழுந்த மறுவாரம் ஒரு அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் மேற்படிப்பு படிக்கும் இளம்பெண் ஒருத்தி இசைக்கவையைத் தட்டி என் கணுக்கால் எலும்பில் வைத்தாள். "அதிருதாக்கா?" இல்லை. முழங்காலில் வைத்தாள். இருந்தது. கண்ணை மூடச்சொல்லிக் கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்து எந்தப் பக்கம் என்று கேட்டாள். நான் சொன்னதெல்லாம் தப்பு. "எவ்வளவு நாளா மெட்ஃபார்மின் சாப்பிடுறீங்க?" என்றாள். எட்டு வருடத்தில் அந்தக் கேள்வியை அந்தத் தொனியில் கேட்ட முதல் ஆள். கல்யாணம் ஆச்சா என்று அவள் கேட்கவில்லை.

பி12 138 என்று வந்தது. 200க்குக் கீழே போனால் குறைபாடு. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6. ஃபோலிக் அமிலத்தை நிறுத்திவைத்து, முதலில் பி12 ஊசி: ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. ஊசிக்குப் பயந்தவர்களுக்கு அதிக அளவு மாத்திரையும் பலரிடம் வேலை செய்கிறது. அவ்வளவு கொடுத்தால் நூற்றில் ஒரு பங்கு அந்த நீண்ட வழியைச் சுற்றாமலே உள்ளே போய்விடும். நரம்பு பாதிக்கப்பட்டிருந்ததால் எனக்கு ஊசி. மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை, வருடம் ஒருமுறை பி12 பார்க்க வேண்டும் என்று சீட்டின் மேலேயே சிவப்பு மையில் எழுதித்தந்தாள்.

நான்காவது மாதம் நாக்கு எரிச்சல் போனது. துறைகளின் பெயர்கள் திரும்பி வந்தன. ஏழாவது மாதம் வலது பாதத்தில் தரையின் குளிர்ச்சி தெரிந்தது. அன்று சமையலறையில் செருப்பில்லாமல் கொஞ்சநேரம் சும்மா நின்றேன். இடதுகாலில் இரண்டு விரல்கள் இன்னும் வரவில்லை, வராமலும் போகலாம் என்றாள். தொடக்கத்திலேயே பிடித்திருந்தால் முழுதாகத் தேறியிருக்க வாய்ப்பு அதிகம். இதை நண்பரிடம் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் வீட்டுக்காரிக்கும் கால் மரத்துப்போகுதுன்னு சொல்லிட்டே இருப்பா தோழர்" என்றார்.

அம்மாவுக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. அதே மாத்திரை, அதே விரதங்கள். இரவில் காலைத் தேய்த்துக்கொண்டே தூங்குவாள், சின்ன வயசிலிருந்து பார்த்ததுதானே என்று இருந்துவிட்டேன். போன மாதம் லேபுக்குக் கூட்டிப்போனேன். ஊசி குத்தும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்: "எனக்கு ஒரு குறையும் இல்லடி. நீ போய் உன்னைப் பாரு." 121 என்று வந்திருக்கிறது. நாளை மறுநாள் முதல் ஊசி. வெள்ளிக்கிழமையாக இருக்கிறதே, சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறாள்.